கிளிக்கு இறகு எதற்கு?

கிளித்தட்டு விளையாட ஒரு மணல் முற்றமும் கோடு கீற ஒரு தடியும் போதும். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டும் சில கோடுகள், சுற்றிவர எல்லை. மறிக்கும் அணியில் ஆளுக்கொரு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டில் அங்குமிங்கும் ஓடலாம். அதைவிட்டு இறங்க முடியாது. ஒருவருக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓட உரிமை உண்டு. அவர்தான் கிளி. எதிரணியினர் தொடுபடாமல் பெட்டி பெட்டியாகக் கடந்து மறுகரை சேர்ந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். மறுகரையைத் தாண்டும்வரை அவர்கள் காய், தாண்டித் திரும்பினால் பழம். ஊருக்கு ஊர் விதிகளில் சிறு வேறுபாடுகள் இருக்கும். யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் தலைமுறை தலைமுறையாக ஆடிய இந்த ஆட்டத்தின் எலும்பு இதுதான்.

கிளிக்கு இறகும் இல்லை, சிவந்த மூக்கும் இல்லை. காலையில் பக்கத்து வாங்கில் இருந்து கணக்குச் செய்த அதே பிள்ளைதான். ஆனால் "கிளி வருது, நில்லடா!" என்று ஒருவன் கத்தியதும் பெட்டிக்குள் நிற்பவன் அப்படியே உறைகிறான். அந்தப் பிள்ளையைக் கிளியாக்கியது நடுக்கோட்டில் ஓடலாம் என்ற ஒரேயொரு விதி. காயும் பழமும் அப்படியே. ஒரே பிள்ளை ஒரு கோட்டைத் தாண்டியதும் வேறொன்றாகிவிடுகிறது. உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, அதற்குப் பொருந்தும் விதி மட்டும் மாறிவிட்டது. கணினி நிரலில் இதை நிலைமாற்றம் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்காமலே அதை ஓடி ஓடிப் பழகியிருக்கிறார்கள்.

வீடியோ கேமில் வரும் கதாபாத்திரமும் இதேபோல்தான் ஆக்கப்படுகிறது. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவாதானி உருவாக்கிய பாக்மானில் நான்கு பேய்கள் உண்டு. உருவத்தில் நான்கும் ஒன்று, நிறம்தான் வேறு. இருந்தும் விளையாடியவர்கள் அவற்றை நான்கு தனித்தனி ஆட்களாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். காரணம், நான்குக்கும் விதி வேறு. சிவப்புப் பேய் பாக்மான் நிற்கும் கட்டத்தையே குறிவைத்துத் துரத்துகிறது. இளஞ்சிவப்புப் பேய், பாக்மான் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கிறது. பின்னால் துரத்தாமல் வழிமறிக்கப் பார்க்கிறது. செம்மஞ்சள் பேய் தூரத்தில் இருக்கும்போது துரத்தும், எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கிவிட்டால் தன் மூலைக்குத் திரும்பும். வெளிர்நீலப் பேயின் கணக்குத்தான் சுவாரசியமானது. பாக்மானுக்கு இரண்டு கட்டம் முன்னே ஒரு புள்ளியை எடுக்கிறது. சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிவரை ஒரு கோடு இழுக்கிறது. அந்தக் கோட்டை அதே நீளத்துக்கு இன்னொரு மடங்கு நீட்டி, முடியும் இடத்தைக் குறிவைக்கிறது. உயர்தர மாணவர்கள் காவி என்ற பெயரில் படிப்பது இதைத்தான். பிள்ளைகள் பேயின் "குணம்" என்று உணர்வது உண்மையில் ஒரு காவிக் கூட்டல்.

பாடசாலைப் பாடத்துக்கு வீடியோ கேமைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பாத்திரத்தின் முகத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். பயிற்சித்தாளின் மூலையில் ஒரு மாரியோ, பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல் ஒரு பிக்காச்சு. பிள்ளை ஒருதரம் சிரிக்கும்; பிறகு கணக்கு பழைய கணக்காகவே கிடக்கும். முகத்தை விட்டுவிட்டு விதியைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முகத்துக்கு வலுவில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2002இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பாம்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரித்தானிய ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் 109 பேரிடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஒரு பகுதி அந்த நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் விலங்குகளும் தாவரங்களும், மறுபகுதி போக்கிமான் என்ற கற்பனை உயிர்கள். நாலு வயதில் உயிரினங்களில் 32 சதவீதமும் போக்கிமான்களில் 7 சதவீதமும் சரி. எட்டு வயதில் உயிரினங்களில் 53 சதவீதம், போக்கிமான்களில் 78 சதவீதம். நாலு வருடத்துக்குள் இல்லாத உலகம் இருக்கும் உலகத்தை முந்திவிட்டது. பிள்ளையின் நினைவாற்றலில் குறையில்லை என்பதை அந்த எண்களே காட்டுகின்றன. நாங்கள் அதற்கு எதைக் கொடுத்தோம் என்பதுதான் விடயம்.

2019இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் சின்ன வயதில் கேம்போயில் போக்கிமான் விளையாடி வளர்ந்தவர்களின் மூளையை ஸ்கான் செய்தார்கள். அந்த உருவங்களைக் காட்டும்போது பார்வைப் புறணியின் ஒரு குறிப்பிட்ட மடிப்பு, விளையாடாதவர்களில் காணாத அளவுக்கு, எல்லோரிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தூண்டப்பட்டது. பிள்ளைப் பருவத்தில் ஒரு சிறு திரையை நெருக்கமாகப் பார்த்த பழக்கம் வளர்ந்தபின்னும் மூளையில் தடம் வைத்திருக்கிறது. இதைப் பயமுறுத்தும் செய்தியாக எடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஏக்கமாகத்தான் இருக்கிறது. கடனீரேரிக்கு வரும் பூநாரையும், நெடுந்தீவின் பெருக்கமரமும், கரையோரக் கண்டலும் அந்த மடிப்புக்குள் ஒரு மூலையைப் பிடித்திருக்கக் கூடாதா?

போக்கிமான் ஏன் இவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது? என் கணிப்பு இது: அங்கே ஒவ்வொரு உயிருக்கும் ஒரு விதி இருக்கிறது. நீர் இனம் நெருப்பு இனத்தை வெல்லும், புல் இனம் நீர் இனத்தை வெல்லும், ஒன்று வளர்ந்து மற்றொன்றாகும். எது எந்த இனம் என்பதை மறந்தால் ஆட்டம் தோற்கும். எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் கண்டல் ஒரு படமும் நான்கு குறிப்புகளுமாக இருக்கிறது. உப்பு நீரில் நின்றுகொண்டே உப்பை வடிகட்டுவது, சில இனங்களில் இலைவழியே உப்பைக் கக்குவது, காற்றில்லாத சேற்றுக்குள்ளிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டுவது என்று அந்த மரத்திடம் இருக்கும் ஆற்றல்கள் எந்தப் போக்கிமானுக்கும் குறைந்தவையல்ல. அவற்றை ஆட்டத்தில் செலவழிக்கும்படி யாரும் பிள்ளையிடம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

முகத்துக்கும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தே காட்டிய ஓர் ஆய்வு உண்டு. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இங்கிலாந்தின் ஜேக்கப் ஹப்குட், ஷாரன் எய்ன்ஸ்வேர்த் இருவரும் 2011இல் வெளியிட்டது. அவர்களுடைய கேமின் பெயர் 'சோம்பி டிவிஷன்'. பழைய கிரேக்க வீரன் ஒருவன் எலும்புக்கூடுகளோடு சண்டை போடுகிறான். ஒவ்வொரு எலும்புக்கூட்டின் நெஞ்சிலும் ஓர் எண். வீரனின் ஒவ்வொரு தாக்குதலும் ஒரு வகுஎண். 15 என்ற எலும்புக்கூட்டை 3ஆல் அல்லது 5ஆல் அடித்தால் அது சிதறும். 2ஆல் அடித்தால் அடி வீண். அது திருப்பித் தாக்கும்.

இதே கேமை இன்னொரு விதமாகவும் செய்தார்கள். அதே வீரன், அதே எலும்புக்கூடு, அதே மாளிகை. ஆனால் சண்டையில் எண் கிடையாது. ஒரு கட்டம் முடிந்ததும் அதே வகுத்தல் கணக்குகள் கேள்விகளாக வரும். விடை சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பாத்திரமும் கணக்கும் இரண்டிலும் ஒன்று. ஒன்றில் கணக்கு அடியிலேயே இருக்கிறது, மற்றதில் வாசலில் காவல் நிற்கிறது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைப் பிரிவுகளாக்கி விளையாடவிட்டுச் சோதித்தபோது, கணக்கு அடியிலேயே இருந்த பிரிவினர் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். பிறகு வேறொரு சிறு குழுவுக்கு இரண்டையும் கொடுத்து "விரும்பியதை விளையாடுங்கள்" என்று விட்டபோது, அந்த முதல் வகையில் பிள்ளைகள் செலவழித்த நேரம் மற்றதைப்போல் ஏழு மடங்கு.

இந்த ஏழு மடங்கை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கணக்கு இருப்பதால் பிள்ளை விளையாட்டை வெறுக்கும் என்ற பயத்தில்தான் நாங்கள் கணக்கை ஒளித்துவைக்கிறோம். கணக்கு முழுதும் கண்முன்னே இருந்த ஆட்டத்தைத்தான் அந்தப் பிள்ளைகள் தேடிப்போனார்கள். ஒரு காரணம் எளிது. சண்டைக்கு நடுவே 15ஐ எதால் அடிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைக்குக் காரணி என்பது கையில் இருக்கும் ஆயுதம். எந்த ஆயுதமும் எடுபடாத 17 எதிரே வந்தால் முதன்மை எண் என்றால் என்ன என்று யாரும் வரைவிலக்கணம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அது உயிரை வாங்குகிற எண்.

இப்போது எங்கள் ஊர்ப் போன்களில் இருக்கும் "கல்விக் கேம்"களைப் பாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று வரும் செயலிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. கேள்வி, நான்கு விடை, சரியென்றால் நட்சத்திரம். அவற்றால் பயனே இல்லை என்று சொன்னால் அநியாயம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது நினைவை உறுதியாக்கும் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் தெளிவாகக் காட்டினார்கள்: ஒரு வாரம் கழித்து, மீண்டும் வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது; புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஆகவே வினாவிடைச் செயலி நினைவுக்கு உதவும். வகுத்தல் என்றால் என்ன என்று அது விளக்காது.

நட்சத்திரம் வேறொரு வேலையும் செய்யக்கூடும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்ரான்ஃபோர்ட்டின் பாலர் பாடசாலையில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிபனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு பற்றிய பேச்சே இல்லாமல் பேனைகளை மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும் ஆசைக்கு விலை வைக்கும்போது கவனம் வேண்டும். புள்ளிக்காகவும் வெட்டுப்புள்ளிக்காகவும் ஏற்கெனவே இவ்வளவு பாடுபடும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு புள்ளிப் பலகை தேவையா என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒருதரம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு தீவுப் பாடசாலை என்ன செய்யலாம்? கணினி ஒன்றோ இரண்டோ, இணையம் வந்துவந்து போகும், கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் துறையிலிருந்து ஆசிரியர்களை ஏற்றிவரும் படகே ஓடாது. இப்படிப்பட்ட இடத்தில் வீடியோ கேம் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் உலகின் புகழ்பெற்ற கல்விக் கேம் பிறந்தது கணினித் திரைகூட இல்லாத வகுப்பறையில். 1971இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டொன் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், கிழக்கிலிருந்து மேற்கே மாட்டுவண்டியில் போன குடியேறிகளின் வரலாற்றைப் படிப்பிக்க, ஒரு நீளத்தாளில் வரைபடம் போட்டு அட்டை ஆட்டம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அறைத்தோழர்களான பில் ஹைனெமனும் போல் டிலன்பேர்கரும் கணிதம் படிப்பித்தவர்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள். சில நாட்களில் அதை 'ஒரிகன் ட்ரெயில்' ஆக்கினார்கள். வகுப்பில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்துக் கணினியோடு பேசும் ஒரு தட்டச்சு இயந்திரம். விடைகள் தாளில் அச்சாகி வரும். பிள்ளைகள் குழுவாக நின்று, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்று வாதாடி முடிவெடுத்து, ஒருவர் தட்டச்சிடுவார். ஒரு இயந்திரத்துக்கு ஒரு வகுப்பு. பிள்ளைக்கொரு கணினி இருந்திருந்தால் அந்த வாதாட்டம் நடந்திருக்காது.

அந்தக் கேமில் பெரிய ஊனமும் இருந்தது. குடியேறிகளின் கண்ணால் மட்டும் அது உலகத்தைப் பார்த்தது; யாருடைய நிலத்தின் ஊடாக வண்டி போகிறதோ அந்தப் பூர்வகுடி மக்கள் வழியில் தட்டுப்படுகிறவர்களாகவே வந்தார்கள். 2021இல் வந்த புதிய பதிப்பில்தான் பூர்வகுடி வரலாற்றாளரின் ஆலோசனையோடு அவர்களையும் ஆடும் பாத்திரங்களாக்கினார்கள். எங்கள் ஊர் வரலாற்றைக் கேமாக்குகிறவர்கள் இதை முதலிலேயே நினைக்க வேண்டும். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கோட்டையை வைத்துக் கேம் செய்தால், முதலில் மனதில் வருவது கோட்டையைக் காக்கும் ஒல்லாந்தத் தளபதி. அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய யானைகளைப் பழக்கிய பாகனும், சாயவேர் தோண்டிக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவரும் யாருடைய விரலுக்கு அசைவார்கள்? எந்தப் பாத்திரத்துக்கு அசையும் உரிமை கொடுக்கிறோமோ, அந்தப் பாத்திரத்தின் வரலாற்றைத்தான் பிள்ளை படிக்கிறது.

தமிழ்ப் பாத்திரங்கள் நம் விரலுக்கு அசையும் கேம் ஒன்று உலகம் முழுதும் போயிருக்கிறது. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பம். வெண்பா அம்மா, பாவலன் அப்பா, கவின் மகன். தன் தாயின் சமையல் குறிப்புப் புத்தகத்தை வெண்பா வைத்திருக்கிறாள். பயணத்தில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போய்விட்டன. விளையாடுகிறவர் மிச்சத்தை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தண்ணீர் எப்போது, எண்ணெய் எங்கே, தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிக்காமல் அடுக்கினால் ஆவி மேல்தட்டுக்கு ஒழுங்காக ஏறாது, இட்லி கெட்டுவிடும். இட்லிப் பானையை வாழ்நாளில் காணாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும் தட்டில் ஏன் துளை இருக்கிறது என்பதைக் கைப்பட அறிந்துகொள்கிறது. 2024இல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. கனடாவில் குடியேறிய தீவக மக்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் கவினின் நிலையில்தான் இருக்கிறார்கள்: பாதி தெரிந்த மொழி, பாதி கிழிந்த புத்தகம். அந்த நிலையையே விதியாக்கியதால்தான் அந்தக் கேம் உள்ளே போகிறது.

இங்கே திரும்புவோம். இலங்கையில் அரசு இலவசமாகக் கொடுக்கும் இடைநிலைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்களில் ஸ்க்ராட்ச் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஊடக ஆய்வகத்தில் மிச்சல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்ட இலவச நிரல் மொழி அது. இணையம் இல்லாமலும் இயங்கும். நிறக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் ஒரு பூனை நடக்கும். 2012இல் யாழ் ஐரி ஹப் தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு உண்டு. ஆக, கருவியும் இருக்கிறது, மேடையும் இருக்கிறது. பூனையை நடக்கவைத்ததோடு அந்தப் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுவதுதான் வருத்தம். பூனைக்குப் பதிலாக நெடுந்தீவுக் கிணற்றை வைத்துப் பார்ப்போம்.

நெடுந்தீவில் ஆறு இல்லை. மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சுற்றிவரக் கடல், அடியிலும் கடல்நீர். கிணற்றிலிருக்கும் நன்னீரெல்லாம் மழை கொடுத்தது. மழைநீர் கல்லின் துளைகள் வழியே இறங்கி, உப்பு நீரின் மேலே ஒரு வில்லை வடிவில் மிதந்துகொண்டு நிற்கிறது. ஏன் மிதக்கிறது? ஒரு கனமீற்றர் நன்னீர் 1000 கிலோகிராம். கடல்நீர் ஏறக்குறைய 1025. வித்தியாசம் 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40. ஆகவே நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 சென்ரிமீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 சென்ரிமீற்றருக்கு நன்னீர் இருக்கும். ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் வடகடல் தீவுக் கிணறுகளை ஆராய்ந்த ஹேர்ட்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியாகக் கண்ட விதி இது. நீர்மட்டம் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும் இடத்தில் அடியில் 12 மீற்றர் நன்னீர். கேட்கச் செழிப்பாக இருக்கிறது. ஆனால் அதே விதியைத் தலைகீழாக வாசித்தால்: நீர்மட்டத்தை 1 சென்ரிமீற்றர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு 40 சென்ரிமீற்றர் ஏறும்.

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைக்கு அடர்த்தி தெரியும், விகிதம் தெரியும். இரண்டும் இரண்டு பாடத்தில் இரண்டு கொப்பியில் கிடக்கின்றன. கேமில் இரண்டையும் சேர்த்து ஒரு பாத்திரமாக்கலாம். அதன் பெயர் உப்பு. பாக்மானின் பேயைப்போல அதற்கும் ஒரு விதி: தானாக ஒருபோதும் நகராது. ஆடுகிறவர் நீர்மட்டத்தை ஒன்று இறக்கினால் அது நாற்பது ஏறும். மழை ஒன்று ஏற்றினால் அது நாற்பது இறங்கும். ஸ்க்ராட்ச்சில் இது நீர்மட்டம் என்ற ஒரு மாறியும் பெருக்கல் கட்டை ஒன்றும்தான். மழை இன்னொரு பாத்திரம்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தாராளமாக வரும், மற்ற மாதங்களில் அருமையாகத் தலைகாட்டும். துலா ஒரு பாத்திரம், நீரிறைக்கும் மெசின் ஒரு பாத்திரம். மெசினுக்கு ஒரு தனி விதி வேண்டும். ஒரே இடத்தில் வேகமாக இழுத்தால் நேர் கீழே உப்பு கூம்புபோல எழும்பும். அதே அளவு நீரைப் பல கிணறுகளில் மெதுவாக அள்ளினால் எழும்பாது. ஒரு சுற்று ஒரு மாதம். வீட்டுக்குக் குடிக்க, மாட்டுக்கு, தோட்டத்துக்கு என்று ஆடுகிறவர் பங்கு பிரிக்க வேண்டும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தீவில் நிற்பதாகச் சொல்லப்படும் குதிரைகளும் வறட்சி மாதங்களில் தாகத்தோடு வரும்.

முதல் ஆட்டத்தில் பிள்ளை தை மாதத்தில் தாராளமாக இறைக்கும், ஆனியில் உப்பைத் தூக்கும். இரண்டாவது ஆட்டத்தில் சிக்கனம் பிடிக்கும். உண்மையான பாடம் இரண்டு பேர் ஆடும்போது தொடங்கும். இரண்டு கிணறு, ஒரே வில்லை. "நீ இறைச்சால் என்ரை கிணத்துக்கு ஏன் உப்பு வருது?" என்று ஒருத்தி கேட்கும் இடத்தில் பௌதிகவியல் முடிந்து குடியுரிமைக் கல்வி தொடங்குகிறது. மீன்வளத்தை வைத்து டெனிஸ் மெடோஸ் உருவாக்கிய 'ஃபிஷ் பாங்ஸ்' என்ற ஆட்டத்தை உலகம் முழுதும் பல்கலைக்கழகங்களில் ஆடுகிறார்கள். அங்கே குழுக்கள் போட்டி போட்டுப் படகு வாங்கிக் கடைசியில் கடலையே வெறுமையாக்கும். அதே தர்க்கம் ஒரு கிணற்றுக்குள் அடங்கும்.

மின்சாரத்தையும் இப்படி ஆடலாம். 2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றுக்கும் சேர்த்துச் சூரியசக்தி 1700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, 2400 கிலோவாற்றுமணி கொள்ளும் மின்கலம், கைகொடுக்க 2500 கிலோவாற்று டீசல். இந்த நான்கு எண்ணையும் கரும்பலகையில் எழுதி, இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஊரின் தேவையைப் பிள்ளைகளே ஊகித்து, மணிக்கு மணி யார் எதை இயக்குவது என்று ஆடினால், வாற்றுக்கும் வாற்றுமணிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாடவேளைக்குள் தெளியும். சூரியன் பகலில் மட்டும் அசையும், டீசல் எப்போதும் அசையும் ஆனால் படகில் வந்தாக வேண்டும். இதற்குக் கணினியே தேவையில்லை. அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

கிணற்றுக் கேமுக்கு ஓர் எச்சரிக்கை. நாற்பது என்ற விதி ஓய்ந்து நிற்கும் நீருக்கு. உண்மையில் உப்பும் நன்னீரும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து நிற்பதில்லை, நடுவே உவர்நீர்ப் படலம் ஒன்று உண்டு. உப்பு ஏறவும் நாட்களெடுக்கும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் இருக்கும் இடத்தில் கடல் குறுக்குவழியாக வந்துவிடும். ஆகவே பிள்ளைகள் எழுதிய விதி முதல் வரைவுதான். அதைச் சோதிக்கத் தீவே ஆய்வுகூடம். பாடசாலை முற்றத்தில் ஒரு போத்தலை வெட்டிப் புனலும் அளவுகோலும் வைத்தால் மழைமானி. அளவு குறித்த கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் கிணற்று நீர்மட்டம். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனை அளவான கருவி ஒன்று இருந்தால் உப்பும் எண்ணாகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே கிணறுகளில், தண்ணீர் நல்லதென்று பேர்பெற்ற சாறாப்பிட்டிப் பக்கத்தில் ஒன்று, கரையோரம் ஒன்று என்று அளந்து, கேம் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். கேமில் ஆனியில் உப்பான கிணறு நிசத்தில் ஆவணியிலும் நன்றாக இருந்தால் பிள்ளைகள் நிரலைத் திறந்து ஒவ்வொரு விதியாகப் பார்க்க வேண்டும்: மழையைக் குறைத்துப் போட்டோமா, உப்பு ஏறும் வேகத்தைக் கூட்டிவிட்டோமா, அல்லது அந்தக் கிணற்றில் நாங்கள் நினைத்த அளவுக்கு யாரும் இறைக்கவில்லையா? கடைசிக் கேள்விக்கு விடை நிரலுக்குள் இல்லை. கிணற்றுக்காரரின் வீட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு எத்தனை வாளி அள்ளுகிறீர்கள், மெசின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும்.